உறுத்தல் படிவம்

எங்கள் சபையின் ஆண்டுவிழா ஞாயிறன்று முதல் வேதபாடத்தை எங்கள் வீட்டார்தான் வாசிப்பார்கள். ஆலயம் திறந்த நாளில் என் தாத்தா வாசித்தார். அன்று சபையில் மூக்குக்கண்ணாடி வைத்திருந்த ஒரே ஆள் அவர் என்பதால்தான் அவரைக் கூப்பிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது பொறாமை. அவருக்குப் பிறகு என் அப்பா நாற்பத்தொரு வருடம் வாசித்தார். ஒரு வருடம் கடும் காய்ச்சலில், வாசிப்பு மேடையின் இரண்டு பக்கங்களையும் பிடித்துக்கொண்டு, நடுங்கியபடியே ஒரு சொல் விடாமல் வாசித்து முடித்தார். அவருக்குப் பின் நான் இருபத்தாறு வருடமாக வாசிக்கிறேன். ஒரு சொல்லை விட்டு வாசிப்பது எங்கள் வீட்டில் திருட்டுக்குச் சமம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று வருடமாகக் கழுத்தில் பட்டை போட்டிருக்கிறேன். எலும்புத் தேய்மானம். குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "அதுக்கு முன்னாடியும் இவர் குனிஞ்சதில்லை டாக்டர்" என்றாள் என் மனைவி. மருத்துவத்துக்குத் தேவையில்லாத தகவல். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

எங்கள் சபைக்கு இரண்டு வருடத்துக்கு முன் புதிய போதகர் வந்தார். அடக்கமான மனிதர். ஆனால் பிரசங்கத்துக்கான வேதபகுதியை அவரே தெரிவு செய்துவந்தார். வியாழக்கிழமை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்வார். வெளியே வரும்போது பகுதி கையில் இருக்கும். அதாவது, யாரையும் கேட்பதில்லை.

ஒரு ஞாயிறு அவர் எடுத்தது, தன் களஞ்சியங்களை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட ஐசுவரியவானின் கதை. அந்த மனிதன் அன்று இரவே செத்துப்போவான். அதற்கு மூன்று நாள் முன்புதான் எங்கள் சபையின் கிடங்குக்காரர் பழைய கிடங்கை இடித்துவிட்டு இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டித் திறந்திருந்தார். திறப்பு விழாவில் ஜெபம் செய்தவரும் இதே போதகர்தான். கிடங்குக்காரர் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து வெளியே போய், அங்கேயே நின்றபடி மீதிப் பிரசங்கத்தை ஜன்னல் வழியாகக் கேட்டார். திங்கட்கிழமை இருதய டாக்டரிடம் போனார்.

"எதேச்சையா அமைஞ்சதுங்க" என்றார் போதகர்.

"எதேச்சையா நடக்கிற அளவுக்கா நம்ம சபையில நிர்வாகம் இருக்கு?" என்று கேட்டார் ஒருவர். அவர் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று மாலையே வேதபாடத் தெரிவுக் குழு அமைக்கப்பட்டு, அவரே தலைவரானார். எதற்குக் குழு அமைத்தாலும் அவர்தான் தலைவர்; அவரிடம் ரப்பர் முத்திரைகள் இருந்தன. ஆண்டுவிழா வாசிப்பின் மேலும் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அவருடைய தாத்தாவிடம் மூக்குக்கண்ணாடி இல்லாமல் போனது யார் குற்றம்?

முதல் கூட்டத்தில் தலைவர் பேசியதை அப்படியே தருகிறேன்.

"வேதத்துல தப்பு இருக்குன்னு நான் சொல்லலை. வேதம் முழுக்கச் சரி. ஆனா முழுசையும் எல்லார் முன்னாடியும் வாசிச்சே ஆகணும்னு எங்கேயும் உத்தரவு இல்லை. ஒரு ஆபீஸ்ல எல்லா ஃபைலும் எல்லார் மேஜைக்குமா போகுது? ஆண்டவருக்குத் தெரியும், எதை யார்கிட்டச் சொல்லணும்னு. அவருக்கு உதவியா நாம ஒரு பட்டியல் போட்டுக் குடுக்கறோம், அவ்வளவுதான்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

முறை இதுதான். போதகர் மூன்று மாதத்துக்கு முன்பே பகுதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியல் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஏதாவது பகுதி தன்னைக் குத்துகிறது என்று யாருக்குத் தோன்றினாலும் உறுத்தல் படிவம் கொடுக்கலாம். படிவத்தில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் பகுதி. இரண்டாவதில், அந்தப் பகுதி குறிக்கும் குடும்பம். மூன்றாவதில் உறுத்தலின் அளவு: லேசானது, நடுத்தரமானது, தூக்கம் கெடும் அளவு. கையெழுத்திட்ட படிவம் ஒரு வாரம் பலகையில் இருக்கும். எதையும் மறைத்துச் செய்யக் கூடாது என்பதில் தலைவர் கண்டிப்பானவர். ஒரு படிவம் வந்தாலே பகுதிக்குச் சிவப்பு முத்திரை. ஒன்றும் வராவிட்டால் பச்சை.

முதல் வாரம் படிவம் கொடுத்தவர் கிடங்குக்காரர் மட்டும். இரண்டாவது வாரம் பல் டாக்டர் கொடுத்தார். அழுகையும் பற்கடிப்பும் உண்டாகும் என்று வருகிற ஏழு இடங்களும் தன் தொழிலைப் பாதிப்பதாக எழுதியிருந்தார். ஆட்டு வியாபாரி, தொண்ணூற்றொன்பது ஆடுகளை வனாந்தரத்தில் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போவது பொறுப்பான செயல் அல்ல, சபையில் இதை வாசித்தால் தன்னிடம் ஆடு வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருந்தார். விடுதி நடத்துகிறவர், சத்திரத்தில் இடமில்லை என்ற பகுதிக்கு எதிராக, "முன்கூட்டியே சொல்லாமல் வந்தால் யாராயிருந்தாலும் இப்படித்தான்" என்று எழுதி, தூக்கம் கெடும் அளவு என்பதில் குறி போட்டிருந்தார். வரி வசூலிக்கும் ஆயக்காரரைப் பாவிகளோடு சேர்த்துச் சொல்லும் இடங்களுக்கு வரி அலுவலகக் குமாஸ்தா தனித்தனியாக இருபத்திரண்டு படிவங்கள் கொடுத்தார். எங்கள் சபையில் ஓர் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சமையலறையில் பாடுபட்ட சகோதரியையும் காலடியில் உட்கார்ந்து கேட்ட சகோதரியையும் பற்றிய பகுதிக்கு அக்கா ஒரு படிவமும் தங்கை ஒரு படிவமும் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர்கள் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. நீண்ட பிரசங்கத்தில் தூங்கி ஜன்னலிலிருந்து விழுந்த வாலிபனைப் பற்றிய பகுதிக்குப் பதினோரு பேர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இதுவரை எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. குறை என் வீட்டுக்குள்தான் முளைத்தது.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் மருமகள் கேட்டாள். "மாமா, நம்ம வீட்டுக்கு ஒண்ணுகூட இல்லையா?"

"என்னது இல்லையா?"

"படிவம். கிடங்குக்காரங்க வீட்டுக்குப் பதினாலு இருக்கு. பல் டாக்டர் வீட்டம்மா, 'எங்களைப் பத்தி வேதத்துல ஏழு இடத்துல வருது'ன்னு பாட்டுக் குழுவுல சொல்லிக்கிறாங்க. உங்க வீட்டைப் பத்தி எங்கே வருதுன்னு என்கிட்டக் கேட்டாங்க. நான் தண்ணி குடிக்கப் போற மாதிரி வந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு நிலைமை புரிந்தது. பலகையில் பெயர் வருவது இப்போது ஒரு அந்தஸ்து. நேற்றுக் குடிவந்த விடுதிக்காரரைக்கூட வேதம் ஒரு பொருட்டாக மதித்துத் தாக்குகிறது. மூன்று தலைமுறை மேடை ஏறிய எங்கள் குடும்பத்தைத் தாக்க ஒரு வசனம் இல்லை. அன்று மதியம் நான் தூங்கவில்லை. வேதாகமத்தை எடுத்து முதலிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

"எதுக்கு இவ்வளவு சிரமம்? கூட்டத்துல முதல் இருக்கையையும் தெருவுல வணக்கத்தையும் விரும்பறவங்களைப் பத்தி வருதே, அதைப் போடுங்க" என்றாள் மனைவி. அவள் வெண்டைக்காயை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாம உட்கார்றது ரெண்டாவது வரிசை."

"முதல் வரிசையில தூண் மறைக்குது, நம்மளை யாருக்கும் தெரியலைன்னுதானே மாறினோம்?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். நான்கு நாள் தேடி, அடுத்தவன் நிலத்தின் எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்ற இடத்தைக் கண்டுபிடித்தேன். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? இரண்டாவது கட்டத்தில் எங்கள் குடும்பத்தை எழுதி, தூக்கம் கெடும் அளவு என்று குறி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. அடியில் தலைவரின் கையெழுத்தில் குறிப்பு: "மேற்படி பகுதி எல்லைக்கல்லை நகர்த்தியவரையே குறிக்கிறது. மனுதாரர் நகர்த்தியதற்கான ஆதாரம் இணைக்கப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது."

முப்பத்தைந்து வருடம் நேர்மையாக வேலை பார்த்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது.

இங்கே ஆலயச் சுற்றுச்சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் மேற்குப் பக்கச் சுவர் விழுந்துவிட்டது. ஆராதனை நடக்கும்போது மாடுகள் உள்ளே வந்து பூந்தொட்டிகளை மேய்ந்தன. சுவருக்கும் ஒரு குழு போட்டோம். தலைவர் அவரே. நானும் உறுப்பினர். சுவருக்கு வெள்ளை அடிப்பதா, சந்தன நிறமா என்பது பற்றி ஏழு கூட்டம் நடந்தது. எட்டாவது கூட்டத்துக்கு முன்பாகவே எங்கள் சபையைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் யாரையும் கேட்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டார். அவரும் மனைவியும் பகல் வேலை முடித்துவிட்டு வந்து இருட்டும்வரை ஒரு பங்கைக் கட்டுவார்கள். அவர்களை ஒட்டி அடுத்த பங்கை இஸ்திரிக்காரர். அதற்கடுத்ததைத் தையற்கார அம்மாவும் அவருடைய மூன்று மகள்களும். குழுவின் அனுமதி இல்லாத சுவர் என்பதால் நாங்கள் அதைப் பார்க்காததுபோல் கடந்து போவோம்.

ஒரு நாள் கொத்தனார் என்னை நிறுத்தினார். கையில் நூல்கண்டு. சுவர் நேராக வரக் கல்வரிசைக்கு மேலே கட்டுவார்களே, அந்த நூல்.

"ஐயா, என் வீட்டம்மாவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லை. இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? ரெண்டு நிமிஷம்தான்."

நான் அதிகாரியாக இருந்த காலத்தில் அளவுச் சங்கிலியைப் பிடிக்கக் கடைநிலை ஊழியர்கள் இருந்தார்கள். நான் கருவி வழியாகப் பார்ப்பவன். ஒரு முனையைக்கூட நான் பிடித்ததில்லை. கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்ப்பா."

"சரிங்கய்யா. அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் நூலின் முனையை ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்தார். செங்கல் அதைச் சரியாகவே பிடித்துக்கொண்டது.

ஆண்டுவிழா நெருங்கியது. அதற்குள் பலகையில் இடம் போதாமல் படிவங்கள் கதவுவரை வந்துவிட்டன. போதகர் முந்நூறு பகுதிகளுக்கு மேல் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு சங்கீதத்தைத் தவிர எல்லாம் சிவப்பு முத்திரையோடு திரும்பி வந்தன. கடைசி ஐந்து ஞாயிறும் அவர் அந்தச் சங்கீதத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். ஆறாவது வாரம் அதற்கும் ஒரு படிவம் வந்தது. அதில் மேய்ப்பர் வருகிறார் என்று ஆட்டு வியாபாரி சுட்டிக்காட்டியிருந்தார்.

ஆண்டுவிழாவுக்காகப் போதகர் கொடுத்த கடைசித் தாளின் அடியில் ஒரே ஒரு பகுதி இருந்தது. இடிந்த நகரத்தின் மதிலைத் திரும்பக் கட்டியவர்களின் பட்டியல். யார் எந்த வாசலைக் கட்டினார், அவருக்கு அருகே யார் கட்டினார், அவருக்கு அருகே யார். முழு அதிகாரமும் அப்படியே. தலைவர் மேலோட்டமாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

"முழுக்கப் பேரு. இதுல சம்பவமே இல்லை. சம்பவம் இல்லாத இடத்துல உறுத்தல் எப்படி வரும்?"

இருந்தாலும் கண்டிப்பானவர் அல்லவா? சபை உறுப்பினர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்த மூன்று டஜன் பெயர்களில் ஒன்றாவது எங்கள் சபையில் யாருக்காவது இருக்கிறதா என்று இரண்டு மணி நேரம் சரிபார்த்தார். இல்லை. பலகையில் ஒட்டிய ஏழு நாளும் யாரும் படிவம் கொடுக்கவில்லை. எட்டு மாதத்தில் இரண்டாவது பச்சை முத்திரை. கிடங்குக்காரர் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

வாசிக்க வேண்டியவன் நான். அந்தப் பெயர்களை நாக்குப் புரளாமல் சொல்ல வேண்டுமே என்று வீட்டுக் கூடத்தில் நின்று பயிற்சி செய்தேன். கழுத்தை வளைக்க முடியாததால் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் வாசிப்பேன். நான்கு வரி நன்றாகப் போயிற்று. ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன்.

ஓர் ஊர்க்காரர்கள் தங்களுக்குரிய பங்கைக் கட்டினார்களாம். ஆனால் அந்த ஊரின் பெரிய மனிதர்கள் மட்டும் அந்த வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லையாம்.

வேறு எதைக் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. கையைக் கொடுக்கவில்லை, தோளைக் கொடுக்கவில்லை, எவ்வளவோ இருக்கிறது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி.

நான் புத்தகத்தை நீட்டினேன். அவள் வாசித்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அது அவள் செய்த உபகாரம். பிறகு முழு அதிகாரத்தையும் விரல் வைத்து வாசித்து முடித்தாள்.

"தட்டார் கட்டியிருக்கார். தைலம் விக்கிறவர் கட்டியிருக்கார். ஒருத்தர் மகள்களைக் கூட்டிட்டு வந்து கட்டியிருக்கார், நம்ம தையற்கார அம்மா மாதிரி. எல்லார் பேரும் இருக்குங்க. இந்தப் பெரிய மனுஷங்க பேரை மட்டும் எழுதலை பாருங்க."

"அதனால என்ன?"

"ஒண்ணுமில்லை. குடும்பப் பேரு, குடும்பப் பேருன்னு அவங்களும் சொல்லியிருப்பாங்கல்ல? அதான் நினைச்சேன்."

நான் உடனே போதகர் அறைக்குப் போனேன். அவர் ஒலிபெருக்கியின் அறுந்த வயரைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"போதகர் ஐயா, அந்தப் பகுதியில அஞ்சாவது வரியைக் கவனிச்சீங்களா?"

அவர் எழுந்து நாற்காலி போட்டார். "எந்த வரி ஐயா?"

"கழுத்து வரி."

அவர் முகத்தை வெகு கவனமாக வைத்துக்கொண்டார். "ஐயா, அது உங்க கழுத்து இல்லை. அந்தக் கழுத்து ரொம்பப் பழசு."

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"எனக்கு இனிமே எழுத வேற எதுவும் இல்லைங்க ஐயா. சாயங்காலம் இந்த ஜன்னல்ல உட்கார்ந்தா கொத்தனார் வேலை பாக்கறது தெரியும். அதைப் பாத்துக்கிட்டே எழுதினேன். பச்சை வரும்னு நானே எதிர்பார்க்கலை." வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உறுத்துச்சுன்னா படிவம் இருக்கு. பச்சை குத்தியிருந்தாலும் வாசிக்கிற வரைக்கும் குடுக்கலாம். இன்னும் ரெண்டு நாள் டைம் இருக்கு ஐயா."

படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதல் கட்டத்தை நிரப்பினேன். இரண்டாவது கட்டத்தில் பேனா நின்றது. அந்தப் பகுதி குறிக்கும் குடும்பம். அங்கே எங்கள் குடும்பத்தை எழுதினால், வேலைக்குக் கழுத்துக் கொடுக்காத பெரிய மனிதர்கள் நாங்கள்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுப் பலகையில் ஒரு வாரம் ஒட்டியது ஆகும். எழுதாவிட்டால் வாசிக்க வேண்டும். வாசிக்க மாட்டேன் என்றால், குழுவின் பதினோராம் விதிப்படி அன்று முதல் அந்த உரிமை குழுத் தலைவருக்குப் போய்விடும். அந்த விதி அவர் எழுதியது. ஐந்தாவது வரியை மட்டும் விட்டு வாசிக்கலாம். பெயர்களின் நெரிசலில் யாருக்கும் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை சட்டை மாட்டும்போது மனைவி கேட்டாள். "வாசிக்கிற நேரம் மட்டும் பட்டையைக் கழட்டி வைக்கலாமே?"

"கழட்டினா தலை குனிஞ்சுடும்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றாள்.

ஆலயம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தலைவர், பக்கத்தில் கிடங்குக்காரர், பல் டாக்டர். தலைவரின் மடியில் பச்சை முத்திரை போட்ட தாள். கொத்தனாரும் இஸ்திரிக்காரரும் கடைசி வரிசைகளில், சுவர் விழுந்த பக்கத்து ஜன்னலை ஒட்டி. நான் மேடை ஏறிப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கினேன். நான்கு வரி வாசித்தேன். பெயர்கள் மணி மணியாக வந்தன. கிடங்குக்காரர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தார்.

என் அப்பா காய்ச்சலில் மேடையைப் பிடித்த அதே இடத்தை இடது கையால் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது வரியை வாசித்தேன். ஒரு சொல் விடவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

பாட்டுக் குழுவில் யாரோ இருமினார்கள். கிடங்குக்காரர் கண்ணைத் திறந்தார். தலைவர் மடியிலிருந்த தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சபை முழுவதும் என் கழுத்தைப் பார்த்தது. பார்ப்பதற்கு வசதியாக அது வெள்ளைப் பட்டையோடு நிமிர்ந்து நின்றது. இன்னும் இருபத்தேழு வரிகள் இருந்தன. எல்லாவற்றையும் வாசித்தேன். தட்டாரும் தைலக்காரரும் வந்தார்கள். மகள்களோடு கட்டியவர் வந்தபோது தையற்கார அம்மாவின் மகள்கள் மூவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கொத்தனார் முன்னே சாய்ந்து உட்கார்ந்து, வேலைத்தளத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது கேட்பதுபோல் ஒவ்வொரு பெயரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு போதகர், குழு முன்னதாகவே அனுமதித்த எட்டு நிமிடப் பிரசங்கத்தைச் செய்தார். அதில் உறுத்தலாக ஒன்றும் இல்லை. யாரும் அதைக் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்த கையோடு குழுவின் அவசரக் கூட்டம். நானும் இருக்க வேண்டும் என்றார்கள். அறையில் ஏழு பேர் இருந்தோம். கதவைச் சாத்தினார்கள்.

"இது எப்படிப் பச்சையாச்சு?" என்றார் பல் டாக்டர்.

"பேருதான் பார்த்தேன். வினைச்சொல் இருக்கும்னு யார் கண்டா?" என்றார் தலைவர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். "நடந்தது நடந்துடுச்சு. இந்தப் பகுதி இனிமே சபையில வரக் கூடாது. அதுக்கு ஒரு படிவம் போதும். யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டுடுங்க."

படிவம் மேஜையின் மேல் வைக்கப்பட்டது. பேனாவும் வைக்கப்பட்டது.

"ரெண்டாவது கட்டத்துல என்ன எழுதறது?" என்று கேட்டார் விடுதிக்காரர்.

"எந்தக் குடும்பத்தைக் குறிக்குதோ, அந்தக் குடும்பம்."

விடுதிக்காரர் பேனாவைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். "நீங்களே போடுங்க. சுவர்க் குழுவுக்கும் நீங்கதானே தலைவர்?"

"அதனாலதான் நான் போடக் கூடாது. நடுநிலைமை போயிடும்." தலைவர் பேனாவைக் கிடங்குக்காரரிடம் தள்ளினார். "பதினாலு போட்டிருக்கீங்க. பதினஞ்சாப் போட்டுடுங்க. உங்களுக்குப் பழக்கம்."

"எனக்கு எதுக்கு? எனக்கு உறுத்தவே இல்லையே" என்றார் கிடங்குக்காரர். "நான் நல்லாத் தூங்கறவன்."

"எனக்கும் ஒண்ணும் தோணலை. பல்லு சம்பந்தமா அதுல எதுவுமில்லை" என்றார் பல் டாக்டர்.

பேனா மேஜையைச் சுற்றி என்னிடம் வந்தது. எல்லாரும் என் கழுத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணே, பாக்கறவங்களுக்கு உங்களைத்தான் சொல்ற மாதிரி இருக்கு" என்றார் தலைவர் மிகுந்த பரிவோடு. "போன தடவை எல்லைக்கல்லுக்கு ஆதாரம் இல்லைன்னு திருப்பிட்டோம். உங்க மனசு வருத்தப்பட்டிருக்கும். இந்தத் தடவை ஆதாரமே கேட்க மாட்டோம்."

"எங்க குடும்பத்துல யாரும் ஒரு சொல்லை விட்டு வாசிச்சதில்லை, வாசிச்ச சொல்லைத் திருப்பிக் கேட்டதும் இல்லை" என்று சொல்லிப் பேனாவின் மூடியை மூடி வைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தலைவர் தீர்மானத்தை எழுதினார். நான் பார்த்தேன்: "மேற்படி பகுதி சபையில் எவரையும் குறிக்கவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. உறுத்தல் மதிப்பெண் பூஜ்யம். பாதுகாப்பான பகுதி என்ற வகையில் இனி ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் இதையே வாசிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது." பச்சை முத்திரையை அவரே ஓங்கிக் குத்தினார்.

இனி ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் அதை நான் வாசிக்க வேண்டும். எனக்குப் பிறகு என் மகன். அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகள். கழுத்துப் பட்டை அவர்களுக்கும் வராது என்று யார் சொல்ல முடியும்? வீட்டுக்கு நடந்து வரும்போது இதைப் பற்றித்தான் யோசித்தேன்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன்.

"எங்கே?" என்றாள் மனைவி.

"காத்தாட."

"பழைய வேட்டியை எடுத்துக் கட்டிக்கங்க. அங்கே காத்து தூசியா இருக்கும்" என்றாள்.

கொத்தனார் கடைசிப் பங்குக்கு அஸ்திவாரம் முடித்து, முதல் வரிசைக் கல்லை வைக்கத் தொடங்கியிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நூலைக் குடு" என்றேன்.

அவர் என்னையும் என் வேட்டியையும் பார்த்தார். "ஐயா, இது முதல் வரிசை. தரையோட இருக்கு. ரொம்பக் குனியணும். மேல் வரிசை வரட்டும், உங்களைக் கூப்பிடறேன்."

"நூலைக் குடுப்பா. முப்பத்தஞ்சு வருஷம் அளந்தவன் நான்."

கொடுத்தார். டாக்டர் சொன்னதை நான் மீறவில்லை. குனியவில்லை. முதுகையும் கழுத்தையும் நேராக வைத்தபடியே மெதுவாக முழங்காலை மடக்கி, மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நூலின் முனையைக் கட்டைவிரலால் கல்லோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். இஸ்திரிக்காரர் கையிலிருந்த கல்லோடு நின்று பார்த்தார். தையற்கார அம்மா மகள்களிடம் ஏதோ சொன்னார், சிரித்ததுபோலத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்கு வசதியில்லை.

கொத்தனார் அந்த முனையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, நூல் வழியாக என்னைப் பார்த்தார். நான் ஆயிரம் பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஐயா, ஒரு விரக்கடை எடது பக்கம் தள்ளிப் பிடிங்க" என்றார்.

தள்ளிப் பிடித்தேன்.